மலாக்காவில் பிடிபட்ட ரஷ்ய வேற்றுமைகள்

துறைமுகத்தில் என் பெட்டியைத் திறந்த சுங்க அதிகாரி புடவைகளை ஒதுக்கினார். அக்காவுக்காக அம்மா கட்டிக்கொடுத்த வடகப் பொட்டலத்தை முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தார். அடியில் கிடந்த ரஷ்ய இலக்கணப் புத்தகம் கையில் வந்ததும் நின்றுவிட்டார். மலாயா சுதந்திரம் பெற்று ஓராண்டுகூட ஆகாத காலம் அது. காட்டுக்குள் கம்யூனிஸ்டுகளோடு சண்டை இன்னும் ஓயவில்லை. அந்த நேரத்தில் ரஷ்யப் புத்தகத்தோடு கப்பலைவிட்டு இறங்கும் அசட்டுத்தனம் எனக்குத்தான் வாய்த்திருந்தது.

"என்ன புஸ்தகம்னு கேக்கறாரு," என்றார் அதிகாரிக்குப் பக்கத்தில் நின்ற தமிழ்க் குமாஸ்தா.

"இலக்கணம். ரஷ்ய மொழி படிச்சிட்டிருக்கேன்."

அதிகாரி ஒரு பக்கத்தை விரித்து, அங்கிருந்த அட்டவணையின் மேல் விரலை வைத்து மெதுவாகக் கீழே இறக்கினார். பிறகு மலாயில் ஏதோ கேட்டார்.

"ஒரே வார்த்தைய ஏன் ஆறு தடவ எழுதியிருக்குன்னு கேக்கறாரு."

"அதைத்தான் நானும் அஞ்சு மாசமா கேட்டுட்டிருக்கேன்னு சொல்லுங்க."

குமாஸ்தா மொழிபெயர்த்துச் சொன்னதும் அதிகாரி வாய்விட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே புத்தகத்தைத் தன் மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டினார். ஊர் திரும்பும்போது வாங்கிக்கொள்ளலாமாம். என் முகம் போன போக்கைப் பார்த்து, பரிகாரமாக வடகப் பொட்டலத்தை அவரே பத்திரமாகப் பெட்டிக்குள் வைத்து மூடித் தந்தார்.

அந்தப் புத்தகம் இல்லாமல் எனக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நான் சென்னையில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். மாஸ்கோவில் தமிழ்ப் புத்தகங்கள் அச்சிடும் ஒரு பதிப்பகம் ஆள் தேடியது. மூன்று வருஷ வேலை. ரஷ்ய மொழியில் வாய்மொழித் தேர்வு ஒன்று உண்டு, அதில் தேறினால்தான் டிக்கெட். மூன்று வருஷம் கண்காணாத தேசத்துக்குப் போகிறவள் அதற்குமுன் மலாக்காவில் இருக்கும் அக்காவைப் பார்த்துவிட்டு வரட்டும் என்று அப்பா அனுப்பிவைத்தார். ஊர் திரும்பிய மறு வாரம் தேர்வு.

எங்களுக்கு ரஷ்யன் கற்றுக்கொடுத்தவர் வேரா பெத்ரோவ்னா என்ற ரஷ்யப் பெண்மணி. பாடம் முழுக்க இங்கிலீஷ் வழியாக நடந்தது. புத்தகம் என்பதற்கு க்னீகா. புத்தகத்தைப் படித்தால் க்னீகு. புத்தகத்துக்கு என்றால் க்னீகெ. இப்படி ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் ஆறு வேஷம். வாய்ப்பாடு மாதிரி எல்லாவற்றையும் உருப்போட்டிருந்தேன். ஆனால் பேச ஆரம்பித்தால் ஒவ்வொரு பெயர்ச்சொல் வாசலிலும் நாக்கு நின்றுவிடும். தமிழிலும் வேற்றுமை உண்டே என்று கேட்கலாம். உண்டு, பள்ளிக்கூடத்தில் ஐ, ஆல், கு என்று ராகம் போட்டுப் படித்ததுதான். நான் வாய் திறக்கும்போதெல்லாம் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன் என்ற நினைப்பு மட்டும் ஒரு நாளும் வந்ததில்லை.

மலாக்கா பஸ் அலோர் காஜாவுக்கு இப்பால் டயர் வெடித்து நின்றது. சென்னையாக இருந்தால் அதற்குள் நாலு பேர் டிரைவருக்கு யோசனை சொல்ல ஆரம்பித்திருப்பார்கள், நாலு பேர் காசைத் திருப்பிக் கேட்டிருப்பார்கள். இங்கே எல்லோரும் சாவதானமாக இறங்கி மர நிழலில் உட்கார்ந்தார்கள். "போய்ப் பசியாறிட்டு வாங்க லா, நான் டயர் மாத்திருவேன்," என்றார் டிரைவர், எல்லாரையும் விருந்துக்கு அழைக்கிறவர் போல. 'லா' இந்த ஊர்ப் பேச்சில் ஒட்டிக்கொள்ளும் வால், பசியாறுவது என்றால் காலைப் பலகாரம். அந்தச் சொல்லே எனக்குப் பாதி வயிற்றை நிரப்பிவிட்டது. மீதிப் பாதியைப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மலாய்க்காரப் பெண்மணி நிரப்பினார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பொரித்த நெத்திலியும் சிவந்த மிளகாய்ச் சம்பலும் வைத்த வாழையிலைப் பொட்டலத்தில் பாதியை என் பக்கம் தள்ளினார். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. நான் தமிழில் நன்றி சொன்னேன், அவர் மலாயில் ஏதோ சொன்னார். இரண்டு பேருக்கும் ஒன்றும் குறைந்துபோகவில்லை.

கமலா அக்காவின் வீடு மலாக்கா ஊருக்குள்ளேயே, காஜா பெராங் என்ற பகுதியில். அத்தான் ஒரு ரப்பர் கம்பெனியில் எழுத்தர். பக்கத்து வீட்டுக்காரர்கள் மலாக்காச் செட்டிகள். சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு அவர்களைப் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் பிடிக்கும். வாசலில் மாவிலைத் தோரணம், உள்ளே சாமி படம், நெற்றியில் விபூதி, பெண்களுக்கு மீனாட்சி, லெட்சுமி என்று பெயர். உடுத்துவது சரோங் என்ற கைலியும் கெபாயா என்ற மேல்சட்டையும். பேசுவது மலாய். தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்க்காரர்களாகிவிட்டவர்கள், தமிழில் நாலைந்து சொற்களை மட்டும் கைவிடாமல் வைத்திருந்தார்கள்.

அந்த வீட்டுப் பெண் மீனாட்சிக்கு என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவு. தொலைபேசி நிலையத்தில் வேலை. தலையில் கருவியை மாட்டிக்கொண்டு நாளெல்லாம் யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துவிடுகிறவள். நன்றாக இங்கிலீஷ் பேசுவாள். நான் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, நான் கோப்பியை முடிக்கும்வரைகூடப் பொறுக்காமல் வந்து எதிரில் உட்கார்ந்தாள். எங்களுக்குள் நடந்த பேச்சு இங்கிலீஷில், தமிழாக்கித் தருகிறேன்.

"சரசு, ஞாயிற்றுக்கிழமைக்குள் எனக்குத் தமிழ் வர வேண்டும்."

"இந்த ஞாயிற்றுக்கிழமையா?"

"ஆமாம்."

விஷயம் இதுதான். அவளுக்கும் ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் வேலை பார்க்கும் தங்கராசு என்ற தமிழ்ப் பையனுக்கும் ஒருவரையொருவர் பிடித்துப்போய்விட்டது. இரண்டு வீட்டிலும் சாமி ஒன்றுதான், அதில் சிக்கல் இல்லை. தங்கராசுவின் அம்மா மாரியாயி புக்கிட் ரம்பாய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் தொழிலாளி. புருஷனை இழந்து தனியாகப் பிள்ளையை வளர்த்தவர். மலாயில் சந்தைக்கு வேண்டிய நாலு வார்த்தைதான் அவருக்குத் தெரியும். "பேச்சுத் தொணையில்லாத மருமகள வச்சிக்கிட்டு நான் வீட்ல யார்கிட்ட பேசறது," என்று கேட்டுவிட்டாராம். ஆனாலும் பெண்ணை ஒரு தடவை பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஞாயிற்றுக்கிழமை வருகிறார்.

"சரி, உனக்குத் தெரிந்த தமிழில் ஏதாவது சொல்லு பார்ப்போம்," என்றேன்.

மீனாட்சி யோசித்து, அடுப்பங்கரைப் பக்கம் கையைக் காட்டி, "நான் பசி," என்றாள்.

மலாயில் அப்படித்தான் சொல்வார்களாம். நான், பசி, அவ்வளவுதான்.

"நான் இல்லை, எனக்கு. எனக்குப் பசிக்குது."

"எனக்கு என்றால்?"

"உனக்குக் கொடுத்தேன், எனக்குக் கொடுத்தாய் என்கிறோமே, அந்தக் கு."

மீனாட்சி நெற்றியைச் சுருக்கினாள். "அப்படியானால் இந்தப் பசியை எனக்கு யார் கொடுத்தது?"

அக்கா சமையலறையிலிருந்து சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை. சில மாதங்களுக்குமுன் வேரா பெத்ரோவ்னாவிடம் இதே கேள்வியைத்தான் நான் கேட்டிருந்தேன். எனக்குக் குளிர்கிறது என்பதற்கு ரஷ்யனில் ம்ன்யே ஹோலத்ன. இங்கிலீஷில் 'நான் குளிராக இருக்கிறேன்' என்கிற மாதிரி சொல்வதால், ரஷ்யனில் அந்த 'நான்' எங்கே போயிற்று, யாருக்கோ கொடுக்கிற வேற்றுமை இங்கே எதற்கு வந்தது என்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். ம்ன்யே என்றால் எனக்கு. ஹோலத்ன என்றால் குளிர்கிறது. எனக்குக் குளிர்கிறது. சொல்லுக்குச் சொல் அப்படியே தமிழ். இங்கிலீஷை நடுவில் உட்கார வைத்து இத்தனை நாளும் சுற்றிப்போயிருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தேன். எனக்கு வேண்டும், அதற்கும் ம்ன்யே. எனக்கு வேர்க்கிறது, அதற்கும் ம்ன்யே. எனக்கு இருபத்தாறு வயது, அதற்கும் ம்ன்யேதான். வயதைக்கூட நம்மைப் போலவே 'எனக்கு' என்று சொல்கிற ஜனங்கள் அவ்வளவு தூரத்தில் பனியில் இருக்கிறார்கள் என்பதை நினைக்க நினைக்க எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மீனாட்சியின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினேன். தான் என்ன செய்துவிட்டோம் என்று தெரியாமல் அவளும் என் கையைக் குலுக்கினாள்.

"ரெண்டு பேரும் பசியாறிட்டுக் குலுக்குங்க," என்றாள் அக்கா.

அன்று முதல் மீனாட்சி வேலை முடிந்து வரும் மாலைகளில் எங்கள் பாடம் நடந்தது. மீனாட்சிக்குச் சொற்கள் சீக்கிரம் வந்தன. தினமும் அத்தனை குரல்களைக் கேட்கும் காது, ஒரு முறை சொன்னால் போதும். ஒட்டுகள்தான் வழிக்கு வரவில்லை. வீடு என்பது வீட்டுக்கு, வீட்டில், வீட்டை என்று ஆகும்போது நடுவில் ஒரு ட எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். மரம் ஏன் மரத்தை ஆகிறது என்று கேட்டாள்.

"ரூமா என்றால் எங்களுக்கு எப்போதும் ரூமா. நான் உள்ளே போவதாலோ வெளியே வருவதாலோ வீடு மாறுகிறதா என்ன?"

"அது அப்படித்தான்," என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய பதில் என்று புரிந்தது. வேரா பெத்ரோவ்னாவும் இதே பதிலைச் சொல்லி இதே மாதிரி தோளைக் குலுக்குவார். அவர்மேல் வைத்திருந்த கோபத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

ஒருநாள் மீனாட்சியும் நானும் டிரைஷாவில் சந்தைக்குப் போனோம். சைக்கிள் மிதிக்கிறவருக்குப் பக்கத்திலேயே இரண்டு பேர் உட்காரும் பெட்டி. பாலத்து ஏற்றத்தில் சங்கிலி கழன்றுவிட்டது. ஓட்டி வந்த சீனப் பெரியவர் அதை மாட்டும்வரை நாங்கள் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றோம். மீனாட்சி பயிற்சியை விடவில்லை.

"நான் மீன் வாங்கினேன்."

"சரி."

"நான் தம்பி பார்த்தேன்."

"தம்பியைப் பார்த்தேன்."

"மீனுக்கு ஐ வேண்டாம், தம்பிக்கு மட்டும் ஏன் வேண்டும்?"

நான் நாள் முழுக்கத் தமிழ்ப் பிழை திருத்திச் சம்பளம் வாங்குகிறவள், இதை ஒரு தடவைகூடக் கவனித்ததில்லை. மேசை வாங்கினேன் என்கிறோம், புத்தகம் படித்தேன் என்கிறோம். ஆனால் தம்பி என்று வந்துவிட்டால் ஐ இல்லாமல் பார்க்க முடியாது. உயிருள்ள மனிதன் என்றால் மரியாதைக்கு ஒரு ஒட்டு. பாலத்தில் நின்றபடியே ரஷ்யனில் சொல்லிப் பார்த்தேன். மேசையைப் பார்க்கிறேன் என்றால் வீஷு ஸ்தோல், ஸ்தோல் மாறாமல் நிற்கும். தம்பியைப் பார்க்கிறேன் என்றால் வீஷு ப்ராத்தா, ப்ராத் என்ற சொல்லுக்கு வால் முளைத்துவிடும். தமிழும் ரஷ்யனும் அச்சு அசலாக ஒன்றில்லை, ரஷ்யனில் மீனுக்கும் உயிர் உண்டு. இருந்தாலும் ஏன் இப்படி ஒரு வேறுபாடு வைத்தார்கள் என்ற கேள்வி அன்றோடு தொலைந்தது.

எல்லாவற்றுக்கும் தமிழ் கை கொடுத்துவிடவில்லை. ரஷ்யனில் ஒரு பொருள் இல்லை என்றால், இல்லாத அந்தப் பொருள் 'உடைய' என்கிற வேற்றுமைக்குப் போய்விடும். புத்தகத்தினுடைய இல்லை என்கிற மாதிரி. நமக்கு அப்படி ஒன்று கிடையாது. அதற்கு உதவியவர் சுங்க அதிகாரிதான். ஏதாவது சந்தேகம் வந்து பெட்டியைத் திறக்கப் போகும்போதெல்லாம், உ மின்யா ந்யெத் க்னீகி, என்னிடம் புத்தகம் இல்லை, என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இல்லாத புத்தகம் அந்த வேற்றுமையை நன்றாகவே கற்றுக்கொடுத்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே பக்கத்து வீட்டில் அம்மி ஓசை. மீனாட்சியே சமைத்தாள். புளியும் மஞ்சளும் போட்ட மீன் பிண்டாங், கத்தரிக்காய்ச் சம்பல், வெள்ளரிக்காய்த் துண்டுகளோடு சுட்ட பெலச்சான் என்ற இறால் விழுதில் அரைத்த சம்பல், கடைசியில் தேங்காய்ப்பாலும் மலாக்கா வெல்லமும் ஊற்றிய சவ்வரிசி. நானும் அக்காவும் சமையலறைக் கதவோரம் நின்றோம். நடுவில் நடுவில் மீனாட்சி வந்து என் காதில் ஒரு வாக்கியத்தை ஒப்பித்துவிட்டுப் போனாள். "அத்தை, உங்களுக்கு நான் சமைச்சேன்." ஒவ்வொரு தடவையும் சரியாகத்தான் சொன்னாள்.

மாரியாயி வெள்ளைச் சேலையில், எண்ணெய் வைத்து இழுத்து முடிந்த கொண்டையோடு வந்தார். தோட்டத்து வெயிலில் காய்ந்த ஒல்லியான உடம்பு. அதிகம் பேசவில்லை. மீனாட்சியின் கெபாயாவைப் பார்த்தார், சாமி படத்தைப் பார்த்தார், தரையில் பாய் விரித்திருந்த இடத்தில் உட்கார்ந்தார். தங்கராசு சட்டைக் கைமடிப்பை இறக்குவதும் ஏற்றுவதுமாக இருந்தான். மீனாட்சியின் அப்பா அம்மா மலாயில் உபசரித்தார்கள், தங்கராசு மொழிபெயர்த்தான். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மீனாட்சி இலையில் மீனை வைத்தாள். நிமிர்ந்தாள்.

"அத்தை, உங்களை நான் சமைச்சேன்."

தங்கராசு கண்ணை மூடிக்கொண்டான். அக்கா என் கையைக் கிள்ளினாள்.

மாரியாயி இலையைப் பார்த்தார், மீனாட்சியைப் பார்த்தார்.

"என்னையா?" என்றார். "முத்துன கறியாச்சே தாயி. வெந்திருக்காதே."

சொல்லிவிட்டு அவரே சிரிக்கத் தொடங்கினார். பல் தெரிய, தோள் குலுங்க, இலைமேல் கண்ணீர் சொட்டுகிற சிரிப்பு. தங்கராசு மலாயில் சொன்னதும் மீனாட்சியின் அப்பா புரையேறும்வரை சிரித்தார். மீனாட்சி மட்டும் சிரிக்காமல் உதட்டை அசைத்து எதையோ தேடிக்கொண்டிருந்தாள். என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.

"உங்களுக்கு," என்றாள். "உங்களுக்குச் சமைச்சேன். உங்களை இல்லை. உங்களைச் சமைக்க மாட்டேன்."

"மாட்டேயில்ல? அது போதும்," என்றார் மாரியாயி. முகத்தைத் துடைத்துக்கொண்டு மீனைப் பிட்டு வாயில் போட்டார். கொஞ்சம் மென்றபின், நாங்கள் யாரும் எதிர்பார்க்காத கேள்வியைப் போட்டார்.

"எம் மவன உனக்குப் புடிச்சிருக்கா?"

இந்தக் கேள்வியை நாங்கள் பழகவில்லை. பதிலில் இரண்டு வேற்றுமை வேண்டும், ஒரு கு, ஒரு ஐ. ஒன்று இடம் மாறினாலும் அர்த்தம் தலைகீழ். தங்கராசு உதவிக்கு வாய் திறந்தான், மாரியாயி கையைக் காட்டி அடக்கினார். பிள்ளை மொழிபெயர்த்துத் தரும் பதில் அவருக்குத் தேவையில்லை.

மீனாட்சி இந்தத் தடவை அவசரப்படவில்லை. "எனக்கு," என்று ஆரம்பித்தாள். நிறுத்தினாள். "அவர்," என்றாள். தலையை ஆட்டி அதை அழித்தாள். "அவரை. எனக்கு அவரைப் புடிச்சிருக்கு."

பிறகு, யாரும் கேட்காமலே, "உங்களும் எனக்குப் புடிச்சிருக்கு," என்றாள்.

'உங்களையும்' என்று என் நாக்கு துடித்தது. பிழை திருத்துகிற புத்தி. நல்ல வேளை, அக்கா என் கையை இன்னும் விடவில்லை. மாரியாயி எச்சில் படாத இடது கையால் மீனாட்சியின் மணிக்கட்டைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார்.

"பேச்சு வந்துருச்சு," என்றார் மகனிடம். "மிச்சத்த நான் சொல்லிக் குடுத்துக்கறேன். நீ போயி ஐயருகிட்ட நாளு பாரு லா."

அன்று சவ்வரிசியை நான் மூன்று கிண்ணம் சாப்பிட்டேன்.

நான் கிளம்பிய காலை, மீனாட்சி வேலைக்குப் போகும் உடையில் பஸ் நிலையத்துக்கு வந்திருந்தாள். மாரியாயி அதற்குள் இரண்டு தடவை வந்து போய்விட்டாராம். அவளுடைய தமிழில் நான் சொல்லிக்கொடுக்காத சொற்களும் தோட்டத்து இழுப்பும் சேர்ந்துவிட்டிருந்தன. கல்யாணத்துக்கு நான் இருக்க முடியாது என்பதில் இரண்டு பேருக்கும் வருத்தம்தான். ஆனால் பஸ் புறப்படும்வரை சிரித்துக்கொண்டேதான் இருந்தோம். துறைமுகத்தில் சுங்க அலுவலகம் அன்று விடுமுறை. பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுக் கப்பலேறினேன். கவலை என்னவோ வரவில்லை.

தேர்வு அறையில் வேரா பெத்ரோவ்னாவும் முன்பின் தெரியாத ஒரு ரஷ்ய அம்மாளும் இருந்தார்கள். பயணத்தைப் பற்றிச் சொல்லுங்கள் என்றார் அந்த அம்மாள். சொன்னேன். டயர், சோற்றுப் பொட்டலம், டிரைஷா, மீன், மாரியாயி எல்லாம். பிழைகள் இருந்திருக்கும். நிற்காமல் பேசினேன். வேரா பெத்ரோவ்னா பேனாவை மேசையில் வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இங்கிருந்து போனபோது உங்களுக்கு ஒரு வாக்கியம் முழுதாக வரவில்லை," என்றார் முடிவில். "யார் கற்றுக்கொடுத்தது?"

"மலாக்காவில் என் தோழி."

"அவளுக்கு நல்ல ரஷ்யன் தெரியுமோ?"

"ஒரு வார்த்தைகூடத் தெரியாது."

"பிறகு தமிழ் வழியாகக் கற்றுக்கொடுத்தாளா?"

"அவளுக்குத் தமிழும் தெரியாது."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் புதிய அம்மாள் தன் காகிதத்தில் ஏதோ குறித்தார். பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "மோஷெத்தெ யேஹத்," என்றார். நீங்கள் போகலாம்.

எழுந்து கதவுவரை நடந்துவிட்டேன். கைப்பிடியைத் தொட்ட பிறகுதான் காதில் விழுந்தது மூளைக்கு எட்டியது. ரஷ்யனில் காலால் நடந்து போவதற்கு ஒரு சொல், வாகனத்தில் போவதற்கு வேறு சொல். இந்த அறையைவிட்டுப் போகலாம் என்றால் முதல் சொல்லைச் சொல்லியிருப்பார். அவர் சொன்னது இரண்டாவது.